அளக்காத வாசல்

"டக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அடுக்களையில் யாரோ பாத்திரத்தின் மேல் மூடியை வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தோடு சந்து முழுவதும் வாயடைத்துப்போயிற்று.

தீப்பெட்டி நின்றுவிட்டது. அதுவும் எங்கே? சின்னவளின் சொந்த வீட்டு வாசலில்.

தீப்பெட்டி என்பது அந்த வண்டிக்குச் சந்துக்காரர்கள் வைத்த பெயர். மின்சாரத்தில் ஓடும் குட்டி வண்டி. ஆறு பேர் உட்காரலாம். ஒரு பக்கத்து இருக்கைகளை மடக்கிவிட்டால் சக்கர நாற்காலியை ஏற்றலாம், படுத்த ஆளையும் ஏற்றலாம். கார் நுழையாத சந்துகளில் நுழைவதற்கென்றே மூன்று பேர், மூடிக்கிடந்த ஒரு பழைய ஐஸ் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, மரத்தூள் நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து செய்தது. வண்டியின் உடம்பைச் செய்தவன் பொறி. வெல்டிங் பொறி பறந்து பறந்து அவனுடைய எல்லாச் சட்டையிலும் ஓட்டை விழுந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். மின்சாரப் பக்கம் பேட்டரி. வண்டிக்கு உயிர் கொடுத்தவளின் கைப்பேசியில் மட்டும் ஒரு நாளும் சார்ஜ் இருந்ததில்லை. வழியும் அளவும் சின்னவளின் பொறுப்பு. நகரமைப்பு படித்தவள். வீட்டில்தான் அவள் சின்னவள். சந்தில் அவளுக்கு டேப்பு என்று பெயர். அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த டேப்பு இப்போது வண்டியை விட்டு இறங்கிக் குனிந்து பார்த்தாள். தீப்பெட்டியின் இடது பக்கம், ஆட்கள் ஏறுவதற்காக வைத்திருந்த இரும்புப் படி, அவர்கள் வீட்டுச் சிமெண்டுச் சரிவில் முட்டிக்கொண்டு நின்றது. வலது பக்கம் நகரலாம் என்றால் எதிர்வீட்டுத் தையல்காரரின் சுவர் வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது. முன்னால் போக முடியாது. போக வேண்டுமென்றால் ஒன்று படி போகவேண்டும், இல்லை சரிவு போகவேண்டும்.

சரிவு அப்பாவுக்காகக் கட்டியது.

பக்கத்தில் நின்ற மாநகராட்சிப் பொறியாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இது யார் வீடு என்று கேட்டார்.

"எங்க வீடுதான் மேடம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை யாரும் அடக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தச் சந்தை அகலப்படுத்திக் கார் போகும் தெருவாக்க மாநகராட்சி முடிவெடுத்திருந்தது. அளவையாளர்கள் வந்து ஒவ்வொரு வீட்டின் முன்னறைச் சுவரிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் வீடு. சின்னவள் வீட்டில் அந்தக் கோடு அப்பாவின் கட்டிலுக்கு நடுவே இறங்கியது. "மாமாவுக்குக் கால் ரோட்டுல, தலை வீட்டுல" என்று அண்ணி ஒரு நாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அண்ணியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்னறை போனால் மீதி இருப்பது ஓர் அடுக்களையும் ஒருவர் படுக்கும் அறையும்தான். சந்தில் பாதி வீடுகளுக்கு அதுவும் மிஞ்சாது.

சின்னவளும் அவள் கூட்டாளிகளும் நடையாய் நடந்து கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார்கள். சந்தின் முனையிலிருந்து கடைசிவரை, வயதானவர்களை ஏற்றி இறக்கி, எதிலும் முட்டாமல் ஒரு வண்டி போய்வந்து காட்டினால், அகலப்படுத்தத் தேவையில்லை என்று பொறியாளர் அம்மா மாநகராட்சிக் கூட்டத்தில் சொல்வார். ஒரே ஓட்டம். அந்த ஒரே ஓட்டம்தான் இன்றைக்குக் காலையில், வாசலில் வந்து "டக்" என்று நின்றது.

எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வாசலில் கைகட்டி நின்றிருந்தார். கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் பேசியது அதிகமாக உறைத்தது.

"என் வீட்டுப் படியை எடுக்கச் சொன்னப்ப என்னம்மா சொன்ன? சந்து எல்லாருக்கும் பொதுன்னு சொன்ன. எடுத்துட்டேன். முட்டி வலியோட தினம் தவளை மாதிரி தாவி இறங்கறேன். உன் வீட்டு வாசல் மட்டும் பொதுவுல சேராதா?"

உண்மையிலேயே வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். துணி துவைக்கிற கல்லை நகர்த்த வைத்தாள். செருப்பு அலமாரியை உள்ளே தள்ள வைத்தாள். பூந்தொட்டிகளை மாடிக்கு ஏற்ற வைத்தாள். வரைபடத்தில் அந்த இடங்களையெல்லாம் வட்டம் போட்டு 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினாள். தன் வீட்டுக்கு எதிரே மட்டும் ஒரு நேர்கோடு. அளக்கவே இல்லை. பிறந்து வளர்ந்த வாசலை யாராவது நாடா பிடித்து அளப்பார்களா? சரிவு கட்டினது தெரியாததும் இல்லை. சிமெண்டு இறுகுவதற்காக ஒரு வாரம் காலையும் மாலையும் அதன்மேல் தண்ணீர் ஊற்றியவளே அவள்தான். தினமும் அதன்மேல் ஏறித்தான் வீட்டுக்குள் போகிறாள். ஆனால் மற்றவர் வீட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது அவள் கண்ணுக்கு ஆக்கிரமிப்பு. தன் வீட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது வாசல்.

பொறியாளர் அம்மாவுக்கு அடுத்த இடத்தில் வேலை இருந்தது. கிளம்பும்போது நின்று, சாயங்காலம் இந்த வழியாகத்தான் திரும்புவேன் என்றார். "நாளைக்குக் கூட்டம். அதுக்குள்ள வண்டி போச்சுன்னா போச்சுன்னு எழுதறேன். போகலைன்னா போகலைன்னு எழுதறேன். ஒண்ணு மட்டும், படியைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டிக் காட்டாதீங்க. வயசானவங்க ஏற முடியாத வண்டி யாருக்கு வேணும்?"

பொறி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

*

கூட்டம் கலைந்ததும் மூன்று பேரும் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் சிவப்புக் கோடு. காயும் முன்னே ஒரு சொட்டு வழிந்து, அது அப்படியே நின்றுபோயிருந்தது.

அப்பா பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்றபிறகு ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. அண்ணன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா அவன் முதுகில் தொங்கிக்கொண்டு போனதை இந்தச் சந்தே பார்த்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியம் வீட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. வாடகைக் கார் ஓட்டுகிற அண்ணன், வீட்டு வாசல்வரை வண்டி வருகிற தெரு வேண்டும் என்று முடிவுகட்டினான். சின்னவள், இந்த வாசலுக்கு வருகிற வண்டி வேண்டும் என்று முடிவுகட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்வதே இல்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "உன் நாத்தனார்கிட்ட சொல்லு" என்று அவனும், "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்று இவளும் பேசுவார்கள். என்னையே தபால்பெட்டி ஆக்கிட்டீங்க, ஸ்டாம்ப்பாவது ஒட்டுங்க என்பாள் அண்ணி.

அப்பாவுக்கு வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். ரைட். பசித்தால் ரைட், தாகம் எடுத்தால் ரைட், கோபம் வந்தாலும் ரைட். அந்த ஒற்றைச் சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு அண்ணி சாதமா, காப்பியா, மின்விசிறியா என்று கண்டுபிடிப்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடிப்பாள்.

சக்கர நாற்காலி வந்தபோது அண்ணன்தான் தன் கையால் சிமெண்டு குழைத்து அந்தச் சரிவைக் கட்டினான். தினமும் மாலையில் நாற்காலியை அதில் இறக்கிச் சந்து முனைவரை தள்ளிக்கொண்டு போவான். பேருந்து போகிற சாலையைப் பார்த்தபடி அப்பா கொஞ்ச நேரம் இருப்பார். நாள் முழுவதும் அவருக்கு இருந்தது அந்த ஒரு கொஞ்ச நேரம்தான்.

"உடைச்சிடலாம்" என்றாள் சின்னவள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "எல்லாரையும் எடுக்க வெச்சுட்டு நம்மளோடதை மட்டும் வெச்சுக்க முடியாது. சரிவு போனா இன்னொன்னு கட்டிக்கலாம். முன்னறையே போனா என்ன கட்டறது?"

இன்னொன்று கட்ட இடமில்லை என்பது அவளுக்கே தெரியும். வாசலுக்கும் சந்துக்கும் இருக்கிற உயரத்துக்குக் குறுகலான சரிவு கட்டினால் அது சறுக்குமரம், நாற்காலி கவிழும். பொறி அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்துபோய் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தான். அவளுக்காக என்றால் மலையை நகர்த்தச் சொன்னாலும் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பான், அப்படி ஒரு பிள்ளை. பேட்டரி மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வாசலுக்குப் போனபோது சரிவின்மேல் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, அதைக் கீழ வைங்க" என்றான் பொறியிடம். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, அண்ணியைத் தபால்பெட்டி ஆக்காமல் தங்கையிடமே பேசினான். "உன் பொம்மை வண்டி போறதுக்காக அப்பா வெளிய வரக் கூடாதா?"

"வீடே போயிடும்ணா."

"போகட்டும். இன்னொருத்தர் வீட்டு அப்பாவாவது தோள்ல தொங்காம ஆஸ்பத்திரிக்குப் போவாரு."

"அதுக்குத்தான இந்த வண்டியே."

"இந்த வண்டி நம்ம வாசலையே தாண்டல."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஐஸ் கிடங்கில் ஈரக் கோணியின்மேல் படுத்துத் தூங்கிய நாட்கள், ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சிய கெஞ்சல், தையல்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தாவுகிற தாவல் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. இன்னும் சில மணி நேரத்தில் அந்த அம்மா வந்து, போகலை என்று எழுதிவிடுவார். அதற்குப் பிறகு இடிக்கிற இயந்திரம் இந்தச் சந்தில் நுழைவதற்கு மட்டும் யாரும் அகலம் பார்க்கமாட்டார்கள்.

அண்ணி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் சாதக் கரண்டி.

"நடக்கறவங்க எல்லாம் பேசியாச்சு. அதுல போறவரை யாரும் கேக்கலையே."

எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். நியாயந்தான். அத்தனை பேரும் அவருக்காகத்தான் பேசினார்கள். அவரிடம் ஒருவரும் பேசவில்லை.

சின்னவள் கட்டிலருகே மண்டியிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். வண்டி, படி, கோடு, கூட்டம் எதையும் விடவில்லை. கடைசியில், "சரிவை உடைச்சிடலாமாப்பா?" என்று கேட்டாள்.

"ரைட்" என்றார் அப்பா.

பொறி கடப்பாரையைத் தூக்கினான். அண்ணன் கையை நீட்டி மறித்தான். கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்று அவனும் கேட்டான். "உடைக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். என்னப்பா?"

"ரைட்" என்றார் அப்பா. அதே குரலில்.

பேட்டரி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் விக்கலாகி நின்றது. சின்னவள் மறுபடி கேட்டாள், அண்ணன் மறுபடி கேட்டான். கேள்வி கேட்கக் கேட்க அப்பாவின் முகம் சிவந்தது. இடது கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டது. சொல்ல ஏதோ இருக்கிறது. வாய்வரை வருகிறது. வந்ததும் ரைட் ஆகிவிடுகிறது. அவருக்கே தெரிகிறது, தான் சொல்ல நினைப்பது அது இல்லை என்று. உள்ளே ஒரு மனிதர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், வெளியே இத்தனை பேர் சாவி இல்லாமல் நிற்கிறார்கள்.

தட்டுவது என்று நினைத்ததும் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

அப்பாவின் பேருந்தில் மணி அடிக்கடி கெட்டுப்போகும். அவர் உள்ளங்கையால் வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். வீட்டிலும் அதே பழக்கம்தான். சின்னவள் சாப்பிட அடம்பிடித்தால் கிண்ணத்தின் விளிம்பில் டக், டக் என்று தட்டுவார். கையிலிருந்த கவளம் வாய்க்குப் புறப்பட்டுவிடும். அண்ணன் சைக்கிள் பழகியபோது இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடியவர், இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கையை விட்டார்.

அவள் அப்பாவின் இடது கையை எடுத்துக் கட்டிலின் மரச்சட்டத்தின்மேல் வைத்தாள்.

"பேச வேணாம்பா. தட்டுங்க. சரிவை உடைக்கலாம்னா ரெண்டு தட்டு. வேணாம்னா ஒண்ணு."

அண்ணனுக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவனும் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெல்ல எழுந்தன. விழுந்தன.

டக்.

ஒன்று.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணனிடமிருந்து பெருமூச்சு வந்தது. அவள் எழுந்து திரும்பி, "போதும். உடைக்க வேணாம்" என்றாள். பொறி கடப்பாரையைச் சுவரோரம் சாத்தினான். "ரைட்" என்றார் அப்பா பின்னாலிருந்து. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

*

தோற்றுவிட்டோம் என்று தெரிந்தபிறகு வருகிற அமைதி இருக்கிறதே, அது தூக்கத்துக்குப் பக்கத்து வீடு. மூன்று பேரும் வண்டியின் நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படியைக் கழற்றினால் போகும், ஆனால் படியோடு போகவேண்டும். படியோடு போகவேண்டுமென்றால் சரிவு கூடாது. சரிவு கூடாது என்று சொல்ல இனி அவளுக்கு வாயில்லை. செக்கு மாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மதியம் சாய்ந்துகொண்டிருந்தது.

அண்ணி எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். யாருக்கும் இறங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் வழக்கம்போலக் கட்டிலருகே சுவரில் பொருத்தியிருந்த மடக்குப் பலகையை இறக்கி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து ஊட்டினாள். ஊட்டி முடித்ததும் பலகையைத் துடைத்துச் சுவரோடு சுவராக மடக்கினாள்.

மடக்கிய கை அப்படியே நின்றது. பலகையை இறக்கினாள். மடக்கினாள். மறுபடியும் இறக்கினாள். என்ன ஆயிற்று அண்ணி என்று சின்னவள் எட்டிப் பார்த்தபோது, அவள் பலகையைப் பார்க்காமல் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஓடும்போது அந்தப் படி எதுக்கு? யாரு ஓடற வண்டியில ஏறப் போறாங்க?"

பொறி இரண்டே எட்டில் உள்ளே வந்தான். பலகையின் கீல்களைத் தடவிப் பார்த்தான். பித்தளைக் கீல், நல்ல கனம். ஒரு ஆள் பாரம் தாங்குமா என்று சந்தேகப்பட்டான்.

"இவரு தினம் அதுமேல உக்காந்துதான் ஷூ போடறாரு. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை. தாங்கும்."

அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அண்ணியே திருப்புளியை எடுத்துப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினாள். பொறி வண்டியின் படியை அறுத்தான். சந்து முழுக்கத் தீப்பொறி பறந்தது, சட்டையில் புது ஓட்டைகள் விழுந்தன. பித்தளைக் கீல்களை இரும்போடு பற்றவைக்க முடியாது என்பதால் துளையிட்டு போல்ட் முடுக்க வேண்டியிருந்தது. போல்ட் ஒன்று நீளம் பத்தவில்லை. பேட்டரி ஓடிப்போய் வாங்கிவந்தாள்; வாங்கிவந்ததும் பத்தவில்லை; மறுபடி ஓடினாள். மடக்கிய படி ஓடும்போது கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், கொக்கி செய்ய நேரமில்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு சுருள் வந்து சின்னவளின் மடியில் விழுந்தது. பைகளுக்குக் கைப்பிடி தைக்கிற தடித்த நாடா.

"இதுவும் அளக்கற நாடா மாதிரிதான் இருக்கும், அளந்துடாத. கட்டிக்க" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டுத் தாவி உள்ளே போனார்.

அவள் கட்டினாள். பிறகு தன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முதல்முறையாகத் தன் வீட்டுச் சரிவை அளந்தாள். சந்தே பார்த்துக்கொண்டிருக்க, வரைபடத்தில் அந்த நேர்கோட்டை அடித்துவிட்டு, மற்றவர்களுக்குப் போட்ட அதே வட்டத்தைப் போட்டு, அதே சொல்லை எழுதினாள். எழுதியதை அண்ணன் எட்டிப் பார்த்தான்.

*

பொறியாளர் அம்மா வந்தபோது வெயில் மங்கியிருந்தது. மடக்குப் படியை இறக்கச் சொன்னார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறி உட்கார்ந்தார். "போகலாம்" என்றார். பொறி வண்டியைக் கிளப்பினான். மின்சார வண்டி என்பதால் சத்தமே இல்லை; அதனால் எல்லோருடைய மூச்சும் கேட்டது. சின்னவள் வண்டிக்கு முன்னால் அதைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தாள், கண் சரிவின் விளிம்பிலேயே இருந்தது. மடங்கிய படிக்கும் சிமெண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம். வண்டி வந்தது. வந்தது. பின்சக்கரமும் வந்தது. தாண்டிவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. கைதட்டினால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல நின்றார்கள்.

சந்தின் கடைசியில் திருப்பிக்கொண்டு வரும்போது, "நிறுத்துங்க" என்றான் அண்ணன். சின்னவளுக்கு உயிரே போய்விட்டது. அவன் பொறியாளர் அம்மாவிடம், இதில் படுத்த ஆள் போகலாம் என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே ஏறி, இருக்கைகளை மடக்கி, நீட்டிப் படுத்தான். அவன் உயரத்துக்கு முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு வெளியே தொங்கியது.

"கால் ரோட்டுல, தலை வீட்டுல" என்றாள் அண்ணி.

பொறியாளர் அம்மாவே சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். அன்றைக்கு அப்பாவை முதுகில் போட்டுக்கொண்டு ஓடிய தூரத்தை இப்போது படுத்தபடி கடந்தான். சந்து முனை வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் நீளம் கூட்டணும்" என்றான். தங்கையைப் பார்த்துத்தான் சொன்னான்.

திரும்பும்போது மூன்றாவது வீட்டருகே ஒரு கீலின் போல்ட் தளர்ந்து படி ஒரு பக்கமாகச் சரிந்தது. நாடா பிடித்துக்கொண்டது. பொறி நிறுத்தி முடுக்கினான். பொறியாளர் அம்மா அதையும் பார்த்தார்.

இறங்கும்போது சின்னவள் அவரிடம் வரைபடத்தை நீட்டினாள். வாசலுக்கு நேரே போட்டிருந்த புது வட்டத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். "வண்டி போச்சு. அதை எழுதறேன். படி தளர்ந்ததையும் எழுதறேன். இந்தச் சந்தை அகலப்படுத்தறதை மட்டும் நிறுத்திவைங்கன்னு கேப்பேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா, கூட்டத்துல பத்து பேர் இருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான். சுவரில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பேட்டரி வண்டியின் இருக்கையிலேயே தூங்கிப்போயிருந்தாள். பொறி தரையில் சிதறிக்கிடந்த இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சின்னவள் குனிந்து அவனோடு பொறுக்கினாள். நாளைக்கு இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நீளம் கூட்டணுமாமே, அதை ஆரம்பிக்கலாம் என்றான் அவன். நல்ல பதில் என்று சொல்லமுடியாது. ஆனாலும் அவள் அவன் சட்டையின் புது ஓட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

அப்போது அண்ணன் சக்கர நாற்காலியைச் சரிவில் இறக்கிக்கொண்டு வந்தான். அப்பாவின் மாலை நேரம். நேரே முனைக்குத் தள்ளிக்கொண்டு போவான் என்று பார்த்தால், வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பொறியும் அவனுமாகச் சேர்ந்து நாற்காலியை உள்ளே ஏற்றினார்கள். சின்னவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் இடது கை வண்டியின் தகரத்தின்மேல் இருந்தது. அந்த இடம் கைக்குத் தெரிந்திருந்தது.

"போலாமாப்பா?"

டக்.

ஒன்று. அவள் மனசு மறுபடி விழுந்தது. வேண்டாம் போலிருக்கிறது என்று அண்ணன் நாற்காலியின் பிடியைத் தொட்டான். "இருங்க" என்றாள் அவள், ஏனென்று தெரியாமல். கையைப் பார்த்தாள். விரல்கள் தகரத்தின்மேல் படுத்திருந்தன. அவற்றில் ஒன்று துடித்தது. பிறகு இன்னொன்று. கனமான எதையோ தூக்குவதுபோல, கை மெல்ல, மிக மெல்ல எழுந்தது. சந்து முனையில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, கிளம்பியும் போய்விட்டது. அந்தக் கை அப்போதும் அந்தரத்திலேயே நின்றது.

டக்.

இரண்டு.

"ரைட்" என்றார் அப்பா.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியம் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு விழுந்தது. விழுந்ததும் அவள் எழுந்து திரும்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் காத்திருந்தாள்? ஒரு மூச்சு இருக்குமா? அவர் ஒன்றைத்தான் தட்டினாரா, இல்லை இரண்டாவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாரா? சரிவை வைத்துக்கொள் என்றாரா, உடைத்துக்கொள் மகளே என்றாரா? இனிமேல் கேட்கலாம். ஆனால் மதியத்து அப்பா என்ன சொன்னார் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

அவளுக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அண்ணன் முன்னால் வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"ரெண்டு தட்டியாச்சு. அப்புறம் அழு. முதல்ல வண்டியை எடு."

கண்ணைத் துடைக்காமலேயே அவள் வண்டியை எடுத்தாள்.